அப்பாவின் திரையில் கச்சேரி, என் திரையில் கூட்டம்

என் மேசையில் இரண்டு திரைகள் இருக்கின்றன. வலப்பக்கத்துத் திரை என் வேலைக்கு. இடப்பக்கத்துத் திரையைக் கட்டிலைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருக்கிறேன். மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து அந்த அறையிலேயே படுத்திருக்கும் அப்பாவுக்கு அதுதான் தொலைக்காட்சி. காலையில் யூடியூபில் ஒரு கச்சேரியைப் போட்டு முழுத்திரையாக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு அவர் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டார். நானும் என் அலுவலகக் கூட்டங்களைப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்பாடு அப்படித்தான் தொடங்கியது.

சிக்கல் ஒலியில் வந்தது. பாடகர் இடப்பக்கத்தில் வாயசைக்க, குரல் வலப்பக்கத்திலிருந்து என் முகத்துக்கு நேராக வந்தது. ஒலியை இடப்பக்கம் மாற்றினால் கூட்டத்தில் மேலாளர் பேசுவதும் அப்பாவின் கட்டிலுக்குப் போனது. "யாரப்பா இவர், தாளமே இல்லாமல் பேசுகிறார்?" என்று கேட்டார்.

ஹெட்செட் மாட்டிக்கொண்டால் போயிற்று என்று தோன்றலாம். மாட்டினால் அப்பா கூப்பிடுவது கேட்காது. அதனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஒரே கணினி, ஒரே நேரம், கச்சேரி இடத் திரையில், கூட்டம் வலத் திரையில்.

கருவிகளைச் சொல்லிவிடுகிறேன். டெபியன் 13 என்ற லினக்ஸ், அதன் மேல் கேடிஈ பிளாஸ்மா என்ற மேசைத்தளம், ஒலியைக் கொண்டுசெல்லப் பைப்வயர், எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்ல வயர்பிளம்பர். கிராபிக்ஸ் அட்டையில் ஒரு எச்டிஎம்ஐ, மூன்று டிஸ்ப்ளேபோர்ட் துளைகள். இடத் திரை எச்டிஎம்ஐயில். அதற்குள்ளேயே இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. வலத் திரை டிஸ்ப்ளேபோர்ட்டில். அதற்குள் ஸ்பீக்கர் கிடையாது, பின்புறம் ஹெட்போன் துளை மட்டும் உண்டு. அதில் பழைய ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைச் செருகியிருக்கிறேன். கீழே வரும் கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன். முனையத்தில் ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

முதல் மாலை கேபிளைச் சந்தேகித்ததில் வீணானது. ஒலிப் பட்டியலில் எப்போதும் ஒரு திரைதான் தெரிந்தது. இடத் திரை தெரிந்தால் வலத் திரை இல்லை, வலத் திரை தெரிந்தால் இடத் திரை இல்லை. ஏதோ ஒரு கேபிள் ஒலியைக் கடத்தவில்லை என்று முடிவு கட்டிக் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தேன். போவதற்கு முன் பத்து நிமிடம் யோசித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். எச்டிஎம்ஐயில் ஒலிக்கென்று தனிக் கம்பி கிடையாது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, ஒரு காட்சிச் சட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, படம் எதுவும் அனுப்பாத சிறு இடைவெளிகள் உண்டு. ஒலித் துணுக்குகள் அந்த இடைவெளிகளில் படம் போகும் கம்பிகளிலேயே போகின்றன. டிஸ்ப்ளேபோர்ட்டிலும் ஒலி படத்தோடு சேர்ந்தே பயணிக்கிறது. ஆகவே படம் ஒழுங்காக வந்தால் ஒலிக்கும் வழி திறந்திருக்கிறது என்றுதான் பொருள். நடுவில் டிவிஐ என்ற பழைய பட இணைப்புக்கான மாற்றி ஏதாவது இருந்தால் மட்டும் சந்தேகப்படலாம். இந்த விவரத்தை மறக்க வேண்டாம், பின்னால் இது வேறு வேடத்தில் வந்து என்னைக் கடித்தது.

இரண்டாம் நாள் ஒழுங்காகத் தேடினேன். தேடும்போது வழிதவற வைத்த சொல் ஒன்று உண்டு: மானிட்டர். நமக்கு மானிட்டர் என்றால் திரை. லினக்ஸ் ஒலி உலகத்தில் ஒரு வெளியீட்டில் போகும் ஒலியை ஒட்டுக்கேட்கும் வழிக்குத்தான் மானிட்டர் என்று பெயர். திரையில் ஓடுவதைப் பதிவு செய்பவர்களுக்கு அது உதவும். பாவுகன்ட்ரோல் என்ற ஒலி அமைப்புச் செயலியின் உள்ளீட்டுப் பக்கத்தில் மானிட்டர் என்று இரண்டு வரிகளைப் பார்த்ததும், ஆகா, இரண்டு திரைகளும் கிடைத்துவிட்டன என்று மகிழ்ந்தேன். அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, அவை இரண்டும் ஒட்டுக்கேட்கும் காதுகள் என்று.

சரி, அடியிலிருந்து பார்ப்போம் என்று லினக்ஸின் மையமான கர்னலின் பக்கம் போனேன். எல்எஸ்பிசிஐ கட்டளையைத் தட்டினால் என் கிராபிக்ஸ் அட்டை இரண்டு கருவிகளாகத் தெரிகிறது. 01:00.0 என்ற முகவரியில் படம், 01:00.1 என்ற முகவரியில் ஒலி. அதாவது அட்டைக்குள்ளேயே ஓர் ஒலி அட்டை இருக்கிறது. ஏபிளே கட்டளைக்குப் பின் ஒரு சிறுகோடும் சிறிய எல் எழுத்தும் சேர்த்தால், அந்த ஒலி அட்டைக்கு எத்தனை வாய்கள் என்று தெரியும். எனக்கு நான்கு வந்தன. அவற்றின் எண்கள் 3, 7, 8, 9. ஏன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இல்லை என்று கேட்காதீர்கள். லினக்ஸில் எச்டிஎம்ஐ ஒலிக்கு இந்த எண்கள் பல ஆண்டுகளாகப் பழகிப்போனவை. டிஸ்ப்ளேபோர்ட் துளைகளும் இதே பட்டியலில் எச்டிஎம்ஐ என்ற பெயரிலேயே வரும்.

எந்த எண் எந்தத் திரை? இதற்கு ஒரு நேர்மையான சாட்சி இருக்கிறது. ப்ராக் அடைவுக்குள் அசவுண்ட், அதற்குள் அட்டையின் அடைவு, அதற்குள் ஈஎல்டி என்று தொடங்கும் சிறு கோப்புகள். திரை ஒவ்வொன்றும் தன்னைப் பற்றிய ஜாதகத்தை கிராபிக்ஸ் அட்டைக்குக் கொடுக்கிறது, ஈடிஐடி என்பார்கள். எந்த அளவில் படம் காட்டும், எத்தனை ஒலி வழிகளை ஏற்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. கிராபிக்ஸ் இயக்கி அதிலிருந்து ஒலிக்குத் தேவையானதை மட்டும் பிரித்து ஒலி இயக்கியிடம் தருகிறது. அந்தச் சுருக்கம்தான் ஈஎல்டி. கோப்பைத் திறந்தால் திரை செருகப்பட்டிருக்கிறதா, அதன் பெயர் என்ன, எச்டிஎம்ஐ வழியா டிஸ்ப்ளேபோர்ட் வழியா என்று வரிவரியாக இருக்கும். நான் இடத் திரையின் கேபிளைப் பிடுங்கினேன். ஒரு கோப்பில் 1 என்று இருந்தது 0 ஆனது. திரும்பச் செருகினேன், 1 வந்தது. குழப்பமே இல்லை.

ஒரு வேடிக்கை: ஸ்பீக்கரே இல்லாத என் வலத் திரையும் 'எனக்கு ஒலி வரும்' என்றுதான் சொல்கிறது. ஹெட்போன் துளை இருப்பதால் அது பொய்யில்லை. ஆனால் துளையில் எதையாவது செருகியிருக்கிறோமா என்பது கணினிக்குத் தெரிவதில்லை. ஒலி ஓடுவதாகக் காட்டும், அறையில் ஒன்றும் கேட்காது. உங்கள் திரையில் ஒலி வரவில்லை என்றால் முதலில் அதன் விவரக்குறிப்பைப் பார்த்து, உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த சோதனைதான் எனக்குத் தெளிவைத் தந்தது. பாவுகன்ட்ரோலின் கடைசிப் பக்கத்தில் கிராபிக்ஸ் அட்டையின் ஒலியை 'ஆஃப்' செய்தேன். பைப்வயர் பிடியை விட்டால்தான் கர்னலின் ஒலிப் பகுதியான அல்சாவிடம் நேரடியாகப் பேச முடியும். இல்லையென்றால் கருவி வேறு வேலையில் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடும். பிறகு இரண்டு முனையங்களைத் திறந்து, ஒன்றில் ஸ்பீக்கர்-டெஸ்ட்டை 3-ஆம் எண்ணுக்கும் மற்றதில் 7-ஆம் எண்ணுக்கும் ஓட்டினேன். இடத் திரையில் ஒரு பெண் குரல் "ஃப்ரன்ட் லெஃப்ட்" என்றது. வலத் திரையில் அதே குரல், அரை நொடி பிந்தி, அதையே சொன்னது. இரண்டும் ஒரே நேரத்தில். அப்பா கண் விழித்து, "இரண்டு பேர் வந்திருக்கிறார்களா?" என்றார்.

ஆக, அட்டைக்கு முடியும். கர்னலுக்கும் முடியும். தடை மேலே எங்கேயோ இருக்கிறது.

தடையின் பெயர் ப்ரொஃபைல். பைப்வயர் இந்த விஷயத்தில் அதற்கு முந்தைய ஒலி அமைப்பான பல்ஸ்ஆடியோவின் வாரிசு. அதன் கணக்கில் ஓர் ஒலி அட்டைக்கு ஒரு நேரத்தில் ஒரு ப்ரொஃபைல்தான். சாதாரண ஒலி அட்டைக்கு இது பொருத்தமானது. ஸ்டீரியோவா, ஐந்து ஸ்பீக்கர் சுற்றொலியா, மைக் சேர்ந்ததா என்று ஒன்றைத் தேர்ந்தால் போதும். கிராபிக்ஸ் அட்டையின் ஒலிக்கும் இதே முறைதான். 'எச்டிஎம்ஐ ஸ்டீரியோ' என்றால் முதல் துளை, 'எச்டிஎம்ஐ 2 ஸ்டீரியோ' என்றால் இரண்டாம் துளை. ஒன்றைத் தேர்ந்த நொடியில் மற்றது பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். நான் கேபிள் பழுது என்று நினைத்தது இதைத்தான். ஒலி எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்ற நம் கேள்வி இங்கே மூன்று கேள்விகளாக உடைகிறது: அட்டைக்கு எந்த ப்ரொஃபைல், அந்த ப்ரொஃபைல் தரும் வெளியீடுகளில் எது பொதுவானது (தனியாகச் சொல்லாத ஒலியெல்லாம் போகும் இடம்), ஒவ்வொரு செயலியின் ஒலியும் எந்த வெளியீட்டுக்கு. பணிப்பட்டையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கினால் இரண்டாம் கேள்விதான் முன்னால் வருகிறது. முதல் கேள்விக்குத் தவறான பதில் இருக்கும்போது இரண்டாவதில் எதைச் சொடுக்கி என்ன பயன்?

ஒரு திரையில் மட்டும் ஒலி வேண்டும், அது எது என்று அவ்வப்போது மாற்றினால் போதும் என்பவர்கள் இதோடு நின்றுவிடலாம். பாவுகன்ட்ரோலின் கடைசிப் பக்கத்தில் சரியான ப்ரொஃபைலைத் தேர்ந்தால் வேலை முடிந்தது. முனையத்திலிருந்து என்றால் பிஏசிடிஎல் கட்டளையின் செட்-கார்டு-ப்ரொஃபைல். அதை ஒரு விசைச் சேர்க்கையில் கட்டிவைத்தால் ஒரு தட்டில் ஒலி திரை மாறும்.

எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். பட்டியலின் அடியில் 'ப்ரோ ஆடியோ' என்று ஒரு ப்ரொஃபைல் இருக்கிறது. இசைப்பதிவுக் கூடத்து ஆட்களுக்கானது, நமக்கென்ன என்று அதுவரை தாண்டிப் போயிருந்தேன். அட்டையின் எல்லா வாய்களையும், எந்த அலங்காரமும் இல்லாமல், அப்படியே திறந்து வைப்பதுதான் அதன் வேலை. தேர்ந்ததும் ப்ரோ 3, ப்ரோ 7, ப்ரோ 8, ப்ரோ 9 என்று நான்கு வெளியீடுகள் வரிசையில் வந்து நின்றன. கச்சேரியை 3-க்கும் கூட்டத்தை 7-க்கும் அனுப்பினேன். வேலை செய்தது. மூன்று மாலைகளுக்குப் பிறகு.

அலங்காரம் இல்லை என்பதற்கு விலையும் உண்டு. இடது, வலது என்ற பெயர்கள் போய் ஆக்ஸ் 0, ஆக்ஸ் 1 என்று வருகின்றன. எந்தத் துளையில் திரை இருக்கிறது, எதில் இல்லை என்று அது கவலைப்படுவதில்லை. வெறும் துளைகளான 8-உம் 9-உம் கூடப் பட்டியலில் உட்கார்ந்திருக்கின்றன. தவறி அவற்றைத் தேர்ந்தால் ஒலி கிணற்றில் போட்ட கல்.

இதைச் சீர்செய்ய வயர்பிளம்பருக்கு ஒரு கோப்பு எழுதினேன். வீட்டு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள் வயர்பிளம்பர், அதற்குள் 'வயர்பிளம்பர்.கான்ஃப்.டி' என்ற அடைவு. அதில் எந்தப் பெயரிலும் ஒரு கான்ஃப் கோப்பு வைக்கலாம். வயர்பிளம்பர் 0.5-இலிருந்து இந்தக் கோப்புகளின் வடிவம் மாறிவிட்டது. அதற்கு முன் லுவா மொழியில் எழுதுவார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய லுவா துண்டுகளை ஒட்டினால் ஒன்றும் நடக்காது, பிழைச் செய்தி வருமென்று காத்திருந்தும் பயனில்லை. ஒரு மணி நேரம் அதற்குக் கொடுத்தேன்.

கோப்பில் 'மானிட்டர்.அல்சா.ரூல்ஸ்' என்ற பகுதி. இங்கே மானிட்டர் என்பது திரையும் இல்லை, ஒட்டுக்கேட்பும் இல்லை. கருவிகளைக் கண்காணிக்கும் பகுதி. இந்தச் சொல்லோடு நான் சமாதானமாகப் போய்விட்டேன். அதற்குள் வெளியீட்டின் பெயரைச் சொல்லி விதி எழுதலாம். பெயரில் 01:00.1 என்ற முகவரி 01_00.1 என்ற வடிவில் இருக்கும், 'ப்ரோ-அவுட்புட்-3' என்ற வாலும் இருக்கும். அட்டைக்குக் கொடுக்கப்படும் வரிசை எண் ஒரு நாள் 0, மறுநாள் 1 என்று மாறலாம். முகவரி அவ்வளவு எளிதில் மாறாது. 8-க்கும் 9-க்கும் 'நோட்.டிசேபிள்டு' என்பதை உண்மை என்று வைத்தேன், மறைந்தன. 3-க்கும் 7-க்கும் நிக், டிஸ்கிரிப்ஷன் என்ற இரண்டு பெயர்ப் பண்புகள் உண்டு. எந்தப் பயன்பாடு எதைக் காட்டும் என்று ஆராயாமல் இரண்டிலும் எழுதிவிட்டேன்: 'அப்பா திரை', 'என் திரை'. தமிழில் எழுதினால் ஏற்குமா என்ற தயக்கம் இருந்தது. வயர்பிளம்பரைப் பயனர் சேவையாக மறுதொடக்கம் செய்ததும் ஒலிப் பட்டியலில் 'அப்பா திரை' என்று அழகாக வந்தது. அதைப் பிடித்து அப்பாவுக்குக் காட்டினேன். "எனக்கு ஏன் முதலிடம்?" என்றார். அகர வரிசை என்று நான் சொல்லவில்லை.

அடுத்து மூன்றாம் கேள்வி. பிரவுசரின் ஒலியை ஒருமுறை 'அப்பா திரை'க்கு நகர்த்தினால் வயர்பிளம்பர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த நாளும் அங்கேயே போகும். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: பொது வெளியீட்டை மாற்றியும் ஒரு குறிப்பிட்ட செயலி மட்டும் பழைய இடத்திலேயே பேசிக்கொண்டிருந்தால், என்றோ ஒருநாள் நீங்கள் அதைத் தனியாக நகர்த்தியிருக்கிறீர்கள் என்று பொருள். இந்த நினைவு செயலியின் பெயரைக் கொண்டது. ஒரே பிரவுசரின் இரண்டு தாவல்களில் ஒன்று கச்சேரி, ஒன்று கூட்டம் என்றால் இரண்டையும் அப்போதைக்குப் பிரிக்கலாம், மறுநாள் இரண்டும் ஒரே இடத்துக்குப் போகும். அப்பாவுக்கு ஃபயர்ஃபாக்ஸ், எனக்குக் குரோமியம் என்று பாகப்பிரிவினை செய்தேன்.

அப்பாவின் முதல் புகார்: பாட்டைத் தொடும்போதெல்லாம் முதல் எழுத்து காணாமல் போகிறது. எனக்கும் அதே கதை. அரட்டைச் செய்தியின் 'டிங்' முழுவதுமாகவே விழுங்கப்பட்டது. ஐந்து நொடி ஒலி இல்லையென்றால் வயர்பிளம்பர் அந்த வெளியீட்டைத் தூங்க வைக்கிறது. மறுபடி ஒலி வரும்போது திரையிலிருக்கும் சில்லு அதைப் பற்றிக்கொள்ளச் சற்று நேரம் எடுக்கிறது. அந்த நேரத்தில் வந்தது வந்ததுதான். அதே கோப்பில் 'செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்' என்பதற்கு 0 கொடுத்தேன். இனி தூங்காது. பதிலுக்கு, இரவு எல்லாம் அடங்கியபின் என் ஸ்பீக்கர் ஜோடியில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறது. பரவாயில்லை, மின்விசிறி அதை மூடிவிடுகிறது.

நடுவில் ஓர் ஆசை: ஒரே ஒலியை இரண்டு திரைகளிலும் சேர்த்து ஓட விட்டால் என்ன? கம்பைன்-சிங்க் என்ற மாட்யூல் அதைச் செய்யும். செய்தேன். திரை ஒவ்வொன்றும் ஒலியை வெளியே விடுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு வேறு. மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை விழுந்தது. உடனே எடுத்துவிட்டேன்.

இரண்டாவது புகார் கடுமையானது. அப்பா இரவில் கண்ணை மூடிக்கொண்டு வெறும் ஒலிப்பதிவாக ஆலாபனை கேட்பார். பத்தாவது நிமிடத்தில் திரை அணையும். கூடவே ராகமும் அணையும். கேபிள் பத்தியில் சொன்ன விவரம்தான்: ஒலி படத்தின் இடைவெளியில் பயணிக்கிறது. படமே போகவில்லை என்றால் இடைவெளி எங்கே இருக்கும்? திரையை அணைத்துக்கொண்டு அதன் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்க முடியாது. எந்த அமைப்பைத் திருப்பியும் இதை மாற்ற முடியவில்லை.

வழி வேறு பக்கத்தில் கிடைத்தது. அதே கேபிளில் திரையோடு பேசுவதற்கு இன்னொரு மெல்லிய பாதை இருக்கிறது. டிடிசி என்று பெயர். திரையின் பின்னால் கைவிட்டுத் தடவி மாற்றும் அமைப்புகளில் பலவற்றை அதன் வழியே கணினியிலிருந்தே மாற்றலாம். டிடிசியூடில் என்ற கருவியை நிறுவி, அந்தப் பாதையை லினக்ஸ் காட்டும் ஐ2சி கருவிகளைத் தொட என் பயனர் கணக்குக்கு அனுமதி கொடுத்தேன். 10 என்ற குறியீடு ஒளிர்வு. இரவு பத்து மணிக்கு அப்பா திரை அணையாமல், ஒளிர்வு 0 ஆகி, முழுக் கறுப்புப் படம் ஒன்றோடு விழித்திருக்கும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினேன். படம் போய்க்கொண்டிருக்கிறது, கறுப்பாக. தோடியும் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தக் குறியீட்டுப் பட்டியலை மேய்ந்தபோது 62 கண்ணில் பட்டது: ஸ்பீக்கர் ஒலியளவு. எல்லாத் திரைகளும் இதை ஏற்பதில்லை. அப்பாவின் திரை ஏற்றது. படுத்திருப்பவருக்கு விசைப்பலகை எட்டாது. பழைய யுஎஸ்பி எண்பலகை ஒன்று பெட்டியில் கிடந்தது. என் விசைப்பலகையில் எண் பகுதி இல்லாததால் அந்தப் பலகையின் கூட்டல், கழித்தல் விசைகள் வேறு யாருக்கும் தேவைப்படாதவை. கூட்டலுக்கு ஐந்து ஏற்று, கழித்தலுக்கு ஐந்து இறக்கு என்று கட்டிக்கொடுத்தேன்.

முதல் காலையே சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடி வந்தேன். டிடிசி வழியே போகும் ஒவ்வொரு கட்டளையும் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். அழுத்தியதும் ஒன்றும் நடக்கவில்லை என்று அப்பா மறுபடி மறுபடி அழுத்த, எல்லா அழுத்தங்களும் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறி ஒலியளவு 100-ஐத் தொட்டிருந்தது. ஏற்கெனவே ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருந்தால் புதிய அழுத்தத்தை ஒதுக்கிவிடும்படி எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளை ஒன்றைச் சேர்த்தேன். அப்பா இன்னும் ஒவ்வொரு முறையும் நான்கு தடவைதான் அழுத்துகிறார். இப்போது அதில் மூன்று எங்கும் போவதில்லை.